பொறுமை பயணிக்கு மட்டும்தானா?



2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட இந்தியாவின் வழக்கமான வெளிநாட்டு விமானச் சேவை 2022 மார்ச் 27 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் நம் சபுராளிகள் பட்ட பாட்டை இப்போது யாரும் பேசுவதில்லை. பேச்சு எழுந்தாலும், "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இருந்தவருக்குக் கூலி உண்டு" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். ஜும்ஆ மேடையிலும், வீட்டுத் திண்ணையிலும், வாட்ஸ்அப் குழுவிலும் இவ்வாக்கியத்தை நாம் எத்தனையோ முறை கேட்டுவிட்டோம்.

எல்லாம் அவன் நாட்டப்படியே நடக்கிறது என்பது நம் ஈமான். அதில் ஐயமில்லை. ஆனால் நோய்க்குச் சொல்ல வேண்டிய ஸப்ரை, நோயைச் சாக்காக வைத்துப் பணத்தைப் பிடித்துக்கொண்டவனுக்கும் சேர்த்துச் சொல்வது மார்க்கமன்று. நோயாளியிடம் பொறுமையை உபதேசிக்கலாம். உரிமை பறிபோனவனிடம் பொறுமையை உபதேசித்துவிட்டு, பறித்தவனிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் வருவது அநீதிக்குத் துணை நிற்பதாகும். இதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கட்டுப்பாடுகளை நாம் எதிர்க்கவில்லை

பயணத் தடைகளையும் தனிமைப்படுத்தலையுமே நாம் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் அங்கிருந்து தப்பி ஓடாதீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தியை ஸர்கு என்னும் இடத்தில் கேள்வியுற்றார்கள். முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் குறைஷி முதியவர்களையும் தனித்தனியே அழைத்து ஆலோசித்தபின் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்வதாக விடையளித்தார்கள்.

இந்த அடிப்படையில்தான், 2020 பிப்ரவரி 27 அன்று வெளிநாட்டினருக்கு உம்ரா நிறுத்தப்பட்டதையும், 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளும் சவூதிக்குள் வசிப்போருக்கு மட்டுமே ஹஜ் அனுமதிக்கப்பட்டதையும் இந்தச் சமுதாயம் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டது. இஹ்ராம் துணியைப் பெட்டியில் எடுத்து வைத்திருந்த முதியவர்கள் அதை மடித்து மீண்டும் அலமாரியில் வைத்தார்கள். எவரும் தெருவில் இறங்கி முறையிடவில்லை. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று என்பதை நம் மக்கள் அறிந்தே இருந்தார்கள்.

சுமை யார் தோளில் விழுந்தது?

எனினும், காக்க வேண்டும் என்ற கட்டளை எல்லோருக்கும் பொதுவாக இருந்தபோது, அதற்கான செலவு மட்டும் ஏழைத் தொழிலாளியின் தலையில் விழுந்தது ஏன்?

2020 மே 7 அன்று 'வந்தே பாரத்' விமானங்கள் இயங்கத் தொடங்கின. வேலையிழந்து, பல மாதச் சம்பளம் வராமல், அறையில் பத்துப் பேரோடு முடங்கிக் கிடந்தவரும் சொந்தக் காசில்தான் அதில் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. இறங்கிய பின் ஏழு நாள் தனிமைப்படுத்தலுக்குரிய விடுதிச் செலவையும் பயணியே ஏற்க வேண்டும் என்று அம்மாத இறுதியில் மத்திய அரசு விதி வகுத்தது. இத்தனைக்கும் நம் தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. தூதரகச் சேவைகளுக்காக வருவோரிடம் வசூலிக்கப்படும் சிறு கட்டணத்தால் திரண்ட நிதி அது. இக்கட்டில் சிக்கியவரை ஊருக்கு அனுப்பச் சீட்டு எடுத்துத் தருவதும் அதன் நோக்கங்களுள் அடங்கும். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கச் சென்ற தொழிலாளியும் சேர்ந்து கொடுத்த பணம் அது. அவன் தவித்த நாளில் அதைக் கேட்டுப் பெறும் உரிமை தனக்கு உண்டென்பதையே அவனுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

திரும்பி வேலைக்குச் சென்றவர்களின் நிலை இதனினும் கடினம். 2021 பிப்ரவரி தொடக்கத்தில் இந்தியா உள்ளிட்ட 20 நாடுகளிலிருந்து வருவோருக்குச் சவூதி தடை விதித்தது. வேறொரு நாட்டில் 14 நாட்கள் தங்கிய பின்னரே உள்ளே நுழைய முடியும் என்ற நிலை ஏற்பட்டது. மாலத்தீவு, நேபாளம் என்று நம் மக்கள் சுற்றிச் சென்றார்கள். அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் நேபாளம் அவ்வழியை அடைத்துவிட்டது. அதே நேரத்தில் ஐக்கிய அரபு அமீரகமும் இந்திய விமானங்களை நிறுத்தியது. ஆகஸ்டில் அது மீண்டும் திறந்தபோது, 48 மணி நேரத்திற்குள் எடுத்த சோதனைச் சான்று போதாமல், புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு விமான நிலையத்திலேயே விரைவுச் சோதனை ஒன்றும் எடுக்க வேண்டியதாயிற்று. வெளியில் எடுக்கும் சோதனையைவிட அதற்குப் பல மடங்கு கட்டணம். கோவாக்சின் போட்டுக்கொண்டவரோ, 2021 நவம்பர் 3 அன்று உலக சுகாதார நிறுவனம் அத்தடுப்பூசியை அங்கீகரிக்கும் வரை, பல நாடுகளின் வாசலில் தடுப்பூசியே போடாதவராகக் கருதப்பட்டார். எந்த ஊசி கிடைத்ததோ அதைப் போட்டுக்கொண்ட கிராமத்து மனிதர் என்ன பிழை செய்தார்?

நம் மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒன்றின் தந்தை சவூதியில் ஓட்டுநர். காத்மாண்டுவில் தங்குமிடம், உணவு, அடுத்த விமானச் சீட்டு எல்லாவற்றுக்குமாக ஒரு டிராவல்ஸில் முன்பணம் கட்டிப் புறப்பட்டார். பாதியில் வழி அடைபட்டு ஊர் திரும்பினார். பயன்படுத்தாத நாட்களுக்குரிய பணமும், ஏறாத விமானத்தின் பணமும் திரும்பி வரவில்லை. இரண்டாம் முறை புறப்பட அவருடைய மனைவியின் நகை அடகுக் கடைக்குச் சென்றது. வட்டி ஹராம் என்று அந்தப் பிள்ளைக்கு நாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மாதத்தில்தான் அவ்வீட்டில் வட்டி நுழைந்தது. இவரிடம் சென்று "பொறுமையாக இருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வர நமக்கு நா எழவில்லை.

நம்மவர்களின் வணிகம்

அரசுகளைக் குறை கூறுவது எளிது. நம் ஊர்களில் டிராவல்ஸ் நடத்துவோரில் கணிசமானோர் நம்மவர்களே. அவர்களுள் நேர்மையாக நடந்து, தம் கைப்பணத்தைப் போட்டுப் பயணிகளை அனுப்பி வைத்தவர்களும் உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரிவானாக. ஆனால் மற்றவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

முதலாவது, திருப்பித் தர வேண்டிய பணம். 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஊரடங்கால் ரத்தான சீட்டுகளின் பணத்தைத் திருப்பித் தருவதற்கு வழிமுறை வகுக்கப்பட்டது. முகவர் வழியாகப் பணம் திரும்பினால் அதை அவர் உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. வந்த பணத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு, இன்னும் வரவில்லை என்று கூறிப் பயணியை அலையவிட்டவர், தீர்ப்பை மட்டும் மீறவில்லை. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் இட்ட கட்டளையையும் மீறியிருக்கிறார்.

இரண்டாவது, விலை. நபி (ஸல்) அவர்களே விலை நிர்ணயம் செய்ய மறுத்தார்களே என்று ஹதீஸைக் காட்டுவோர் உண்டு. சந்தையில் பொருள் குறைந்தோ, வாங்குவோர் பெருகியோ இயல்பாக ஏறிய விலையைப் பற்றியது அது. மக்களின் இன்றியமையாத் தேவையைக் கைக்குள் வைத்துக்கொண்டு விலையை ஏற்றுவது வேறு என்பதை இமாம் இப்னு தைமிய்யா தம் 'அல்ஹிஸ்பா' நூலில் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். விசா முடிய நான்கு நாட்களே இருக்கும் ஒருவர் கேட்ட விலையைக் கொடுத்தார் என்றால், அவர் மனமொப்பிக் கொடுத்தார் என்று பொருளாகுமா?

மூன்றாவது, இவை யாவற்றினும் கொடியது: போலிச் சோதனைச் சான்றிதழ். மூக்கில் குச்சியே படாமல் 'தொற்று இல்லை' என்று தாள் அச்சிட்டுக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்; வாங்கியவர்களும் இருந்தார்கள். இதைத் தந்திரம் என்றும் பிழைப்பு என்றும் சிலர் நியாயப்படுத்தினர். பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்த நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து அமர்ந்து, திரும்பத் திரும்ப எச்சரித்த பாவம் பொய்ச் சாட்சியமாகும். நோயுற்ற ஒட்டகத்தை ஆரோக்கியமான ஒட்டகங்களோடு சேர்க்கக் கூடாது என்பதும் அவர்கள் காட்டிய வழிதான். ஒட்டகத்திற்கே இவ்வளவு கவனம் என்றால், நூற்றுக்கும் மேற்பட்டோர் அடைந்திருக்கும் விமானத்திற்குள் நோயை ஏற்றி அனுப்புவதை என்னவென்பது? கட்டணம் அநியாயமானது என்பது உண்மையாகவே இருந்தாலும், அது பொய்யை ஹலாலாக்கிவிடாது.

இப்னுஸ் ஸபீல் யார்?

ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரை அல்லாஹ் சூரா தவ்பாவின் 60ஆவது வசனத்தில் எண்ணிச் சொல்கிறான். அவர்களுள் ஒருவர் இப்னுஸ் ஸபீல், அதாவது வழிப்போக்கர். சொந்த ஊரில் அவருக்குச் சொத்து இருந்தாலும், வழியில் கையிருப்பு தீர்ந்து, ஊர் சேர வழியின்றித் தவித்தால், ஊர் போய்ச் சேருவதற்குத் தேவையானதை ஸகாத்திலிருந்து கொடுக்கலாம் என்பதை நாம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். பழைய காலத்து ஒட்டகப் பயணியை மனத்தில் வைத்துப் படித்த அப்பாடத்திற்கு உயிருள்ள எடுத்துக்காட்டுகள் 2020இல் ஷார்ஜாவிலும், 2021இல் காத்மாண்டுவிலும் ஆயிரக்கணக்கில் நின்றுகொண்டிருந்தன.

எத்தனை மஹல்லாக்களின் பைத்துல்மாலில் இவர்களுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது? வளைகுடாவில் இயங்கும் நம் சமுதாய அமைப்புகள் தனி விமானங்களை ஏற்பாடு செய்தன, உணவுப் பொதிகளை அறை அறையாகக் கொண்டு சேர்த்தன. அதை நன்றியோடு நினைவுகூர்கிறோம். ஆனால் அந்தச் சபுராளிகளின் பணத்தில் மினாராவும் மண்டபமும் எழுப்பிய ஊர் ஜமாஅத்துகளில் பல, அவர்கள் வெறுங்கையுடன் இறங்கியபோது ஸப்ரைப் பற்றிய பயானை மட்டுமே கொடுத்தன.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகிறோம். ஒவ்வொரு ஜமாஅத்தும் பைத்துல்மாலில் வழிப்போக்கருக்கான பங்கைத் தனிக் கணக்காக வைக்கட்டும். அவசரப் பயணத்திற்கு வட்டியில்லா அழகிய கடன் அதே இடத்தில் கிடைக்கட்டும். மஹல்லாவிலுள்ள டிராவல்ஸ் உரிமையாளர்களை அழைத்து, அக்காலத்தில் திரும்பி வந்த பணம் எவரிடமாவது தேங்கியிருந்தால் அதை உரியவரிடம் சேர்க்கும்படி ஜமாஅத் தலைவர்கள் கேட்கட்டும். உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் சேர்க்கட்டும். பயணம் புறப்படும் ஒவ்வொருவரும் கட்டிய பணத்திற்கு ரசீதும், பயணம் ரத்தானால் என்ன கிடைக்கும் என்பதை எழுத்திலும் பெற்றுக்கொள்ளட்டும். கடனை எழுதி வைத்துக்கொள்ளும்படி சூரா பகராவில் அல்லாஹ் அவ்வளவு விரிவாகக் கூறியிருப்பது நம் நன்மைக்கே.

இன்னொரு நோய் வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. வந்தால் விமானங்கள் மீண்டும் நிற்கும், நிற்கவும் வேண்டும். அப்போது பொறுமையைப் போதிக்கும் நாவு, உரிமையைக் கேட்டு வாங்கித் தரவும் நீளுமானால், அந்தப் போதனையைப் பயணியும் மனம் குளிர்ந்து கேட்பார்.

பயணத்தில் இருப்போர் அனைவரையும் அல்லாஹ் நலமுடன் தம் குடும்பத்தாரிடம் சேர்ப்பானாக. அவர்களுடைய ஹக்கை நம் எவருடைய கழுத்திலும் மறுமை வரை தொங்கவிடாதிருப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.