சூளைச் சூடும் பானையின் மேனியும்

வட்டக்கானலுக்குப் போகிறவர்கள் மேகத்தையும் பள்ளத்தாக்கையும் கண்டு களித்துத் திரும்பி விடுகிறார்கள். அதே பழனி மலைத் தொடரில் பழங்காலத்துக் கல்திட்டைகள் பல இருப்பதைக் கவனிப்பவர் சிலரே. அங்லாட் பாதிரியாரும் நியூட்டன் என்பவரும் அவற்றைப் பற்றி எழுதிய நூலைத் தொல்பொருள் இலாகா 1928-ல் வெளியிட்டது. தாண்டிக்குடியில் உள்ள ஈமக்குழிகளில் கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் கிடைத்திருக்கின்றன. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. மண்ணும் ஒன்று, நெருப்பும் ஒன்று. நிறம் மாத்திரம் இரண்டாவானேன்?

கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள் என்பது அறிஞர் கருத்து. வெளிப்புறத்தில் பிராணவாயு பட்டு, மண்ணிலுள்ள இரும்பு சிவந்தது. உட்புறத்தில் காற்று புகாமல் கரி படிந்தது.

நிறத்தைக் காட்டிலும் விந்தையானது உஷ்ணத்தின் வேலை. 100 டிகிரியில் ஈரம் ஆவியாகிறது. (மலைப்பனியில் சரியாக உலராத பானையை அவசரப்பட்டுச் சுட்டால் வெடித்துவிடும்.) சுமார் 450 முதல் 600 டிகிரிக்குள், களிமண்ணின் அணுக்களோடு பிணைந்த நீரும் பிரிகிறது, அதன்பின் அது மீண்டும் சேறாவதில்லை. 900 டிகிரியைத் தாண்டினால் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகத் தொடங்கும். நுண்துளைகள் மெல்ல அடைபடும். 1200-க்கு மேல் ஊறுகாய் ஜாடி போன்ற கெட்டிக் கலங்கள் பிறக்கின்றன. ஜெர்மானியரான ஸேகர் 1886-ல் குறிப்பிட்ட சூட்டில் வளையும் கூம்புகளைச் செய்து இதை அளந்தார். நம் குயவரோ தணலின் நிறத்தைக் கண்ணாலேயே பார்த்து அறிவார்.

கீழடியில் கிடைத்த சில்லுகளின் கறுப்புப் பூச்சில், மயிரிழையைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழாய்கள் இருப்பதாக 2020-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. சுமார் 2,500 ஆண்டு மண்ணில் புதைந்தும் அந்தப் பூச்சு உரியவில்லை! உடனே, பழந்தமிழ்க் குயவர் அணு விஞ்ஞானம் அறிந்திருந்தார் என்று மேடையில் முழங்க வேண்டியதில்லை. கரிப்புகையும் சூளைச் சூடும் கூடிச் செய்த வேலை அது. அந்தச் சூட்டைத் தவறாமல் கொண்டுவந்த கைத்திறனே நமக்குப் போதுமான பெருமை.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர்ப் பானை குறைந்த சூட்டில் வெந்தது. துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாவதால்தான் உள்ளே குளிர்ச்சி. அதே பானையில் மாவடுவைப் போட்டால் உப்புநீர் துளைகளில் ஏறி, வெளியே வெள்ளையாகப் பூத்து, நாளடைவில் மேல்தோலைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும். அதற்கு ஜாடியே வேண்டும். வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். நன்றாக வெந்தது கணீரென்று ஒலிக்கும்.