வரி காப்பாற்றிய பெயர்கள்



வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டும் என்று நாளைக்கே ஒரு சட்டம் வந்தால் என்ன செய்வோம்? 'வேலைக்கு எல்லாம் இல்லைங்க, தூரத்துச் சொந்தம்' என்று சொல்லிவிட மாட்டோமா? பிரிட்டனில் இப்படி ஒரு வரி நிஜமாகவே இருந்தது.

1777. அமெரிக்காவில் போர், கஜானாவில் தட்டுப்பாடு. வீட்டு வேலை செய்யும் ஒவ்வோர் ஆணுக்கும் வருடம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், எஜமானர் கட்ட வேண்டும் என்றார் பிரதமர் நார்த் பிரபு. பட்லர், கோச்சு வண்டிக்காரர், குதிரைக்காரர், தோட்டக்காரர் எல்லோரும் கணக்கில் வந்தார்கள். விவசாயக் கூலிகளுக்கு விலக்கு. சரி, பகலில் ஏர் ஓட்டிவிட்டு ராத்திரி விருந்தாளிக்குப் பரிமாறுகிறவர் எந்தக் கணக்கு? தகராறு அங்கேதான்.

பணக்காரர்கள்தானே, கட்டட்டுமே என்று தோன்றும். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் ஒப்புக்கொள்ளவில்லை. வருடம் 200 பவுண்டு வருமானக்காரர் ஓர் ஆளை வைத்துக்கொள்வார். அதற்காக 10,000 பவுண்டு வருமானக்காரர் 50 ஆள் வைக்கப்போவதில்லை. ஆகவே பாரம் நடுத்தரக் குடும்பத்தின் தலையில்தான் என்றார். மாதக் கடைசி தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1785-இல் பிரதமராக இருந்த இளைய பிட் வேலைக்காரப் பெண்களுக்கும் வரி போட்டார். ஒருவர் இருந்தால் இரண்டரை ஷில்லிங். இருவர் என்றால் தலைக்கு 5. மூவரும் அதற்கு மேலும் என்றால் தலைக்கு 10. கல்யாணமாகாத ஆண்களுக்கு இரட்டிப்பு! (பெண் பார்க்கச் சொல்லி நச்சரிக்கும் அத்தைகள் போதாதென்று அரசாங்கமும் சேர்ந்துகொண்டது.) கார்ட்டூன் போடுகிறவர்கள் பிட்டை விட்டுவைக்கவில்லை. ஸ்காட்லாந்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், 1786-இல் வரிக்கணக்கு கேட்டு உத்தரவு வந்ததும் பதிலைக் கவிதையாகவே எழுதினார். குதிரைகள் இத்தனை, குறும்புக்காரப் பையன்கள் மூன்று பேர், வேலைக்காரப் பெண் யாரும் இல்லை!

பெண்கள் மீதான வரி 1792-இல் போனது. ஆண்கள் மீதானது உருமாறி 1937 வரை நீடித்தது.

வரி போய்விட்டது, ஸ்காட்லாந்தில் அந்த வரிக்கணக்கை எழுதிய நோட்டுகள் நின்றுவிட்டன. எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. எந்த ஊர், எந்த வீடு, எஜமானர் யார் என்பதோடு, வேலை செய்தவரின் பெயரும் பல பக்கங்களில் உண்டு. இணையத்திலேயே பார்க்கலாம். தம் பாட்டனைத் தேடும் குடும்பங்களுக்கு இது பெரிய புதையல்.

ஏன் தெரியுமா? பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆள் ஆளாகப் பெயர் எழுதத் தொடங்கியதே 1841-இல்தான். அதற்கு முன் பாத்திரம் தேய்த்த ஒரு பெண்ணின் பெயரை யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்? கினியும் ஷில்லிங்கும் வசூலிக்க வந்த குமாஸ்தா எழுதினார். அக்கறையால் இல்லை, காசுக்காக. ஆனாலும் எழுதினார்.

நம் வீட்டில் பத்து வருடமாக வேலை செய்யும் அக்காவின் முழுப்பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றைக்கே கேட்டு, பெயரையும் ஊரையும் வீட்டு டைரியில் எழுதி வையுங்கள். இதற்கு வரி கிடையாது.

அன்புடன்,
ஆசிரியர்