வீட்டுத் தோட்டம்: காயம் கழுவும் மருந்தில் விதை முளைக்குமா?



பாலமுனை போன்ற நமது கரையோர ஊர்களில் மாரி மழையோடுதான் கொச்சி, கத்தரி, தக்காளிக்கு நாற்று போடுவோம். மழை விடாமல் பெய்தால் முளைத்த கன்றுகள் அடித்தண்டு மெலிந்து, ஒரே இரவில் சாய்ந்து விடுகின்றன. இதுதான் நாற்றழுகல். பணம் கொடுத்து வாங்கிய விதையும் போகிறது, பருவமும் தவறுகிறது.

இதற்கு ஹைட்ரஜன் பெரொக்சைட் நல்லது என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிரான்ஸ் நாட்டு இரசாயன அறிஞர் தெனார் 1818ல் கண்டறிந்த பொருள் இது. காயம் கழுவ மருந்துக் கடையில் விற்பது 3 சதவீதக் கரைசல். தண்ணீரை விட ஓர் ஒட்சிசன் அணு இதில் கூடுதலாக உண்டு. அந்த ஒட்சிசன் பிரியும்போது விதைத் தோலில் ஒட்டியிருக்கும் பூஞ்சணங்களையும் கிருமிகளையும் அழிக்கிறது. மிஞ்சுவது தண்ணீர்தான். ஆனால் மண்ணில் இருக்கும் பூஞ்சணத்தை விதை ஊறவைத்த மருந்து தடுக்காது. உயிர் போன பழைய விதையையும் எழுப்பாது.

உங்கள் விதைக்கு இது பயன்படுமா என்பதை நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே பக்கற்றிலிருந்து 20 விதைகளை எடுங்கள். பத்தை மருந்திலும், பத்தை வெறும் தண்ணீரிலும் ஐந்து நிமிடம் போடுங்கள். பின்பு இரண்டையும் நல்ல தண்ணீரில் மூன்று தரம் கழுவி, தனித்தனி ஈரத்துணியில் சுற்றி, அடையாளமிட்டு நிழலில் வையுங்கள். துணி காயக் கூடாது. கொச்சி விதைக்கு இரண்டு வாரம் வரை பொறுங்கள். ஒரு விதை கூடக்குறைய முளைத்தால் அது கணக்கல்ல. மூன்று, நான்கு வித்தியாசம் தெரிந்தால் மறுமுறையும் செய்து பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் முளைத்தால் மருந்துக்குச் செலவழிக்கத் தேவையில்லை. பாகல் போன்ற தடித்த தோல் விதைகளுக்கு, நகவெட்டியால் ஓரத்தை இலேசாக நறுக்கி ஊறவைப்பதே பெரும் உதவி.

சில எச்சரிக்கைகள்: தலைமுடி நிறம் மாற்றவும் தொழிற்சாலைகளிலும் பாவிக்கும் கடும் கரைசலைத் தொடாதீர்கள். அது தோலையும் கண்ணையும் சுட்டுவிடும். போத்தலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். வெளிச்சம் பட்டால் மருந்தின் வீரியம் குறையும். சிவப்பு, பச்சை நிறம் பூசி வரும் விதைகளில் ஏற்கனவே மருந்து இருப்பதால் அவற்றை அப்படியே நடுங்கள். நட்டபின் கையைக் கழுவுங்கள்.

நாற்றைக் காப்பாற்ற முதல் வேலை மேடையைச் சற்று உயர்த்தி மழைத்தண்ணீர் வடிய விடுவதும், விதையை நெருக்கித் தூவாமல் இருப்பதும்தான். இவற்றுக்குச் செலவு கிடையாது.

வித்துகளை வெடிக்கச் செய்பவன் அல்லாஹ் என்பதை அல்குர்ஆன் அன்ஆம் அத்தியாயத்தின் 95ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. மருந்து வெறும் காரணமே. இந்த மாரியில் ஒரு தட்டில் சோதனையைத் தொடங்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி, முளைத்த விதைகளை எண்ணச் சொல்லுங்கள்.