தூங்கத் தெரியாத சிப்

இலவச கலர் டிவி திட்டம் 2006-ல் தொடங்கியபோது விராலிமலை மாதிரி ஊர்களுக்கு டிவியோடு ரிமோட்டும் வந்து சேர்ந்தது. எந்த பட்டன் அழுந்தியது என்று கண்டுபிடித்து அதைச் சங்கேதமாக்குவதுதான் அதற்குள் இருக்கும் குட்டி சிப்பின் வேலை. யாரும் அழுத்தாத நேரத்தில் ஆசிலேட்டரையே நிறுத்திவிட்டு, மைக்ரோ ஆம்பியர் கணக்கில் குடித்துக்கொண்டு தூங்கும். இரண்டு பென்சில் பேட்டரி மாதக்கணக்கில் வருவது அதனால்தான். (அதற்கப்புறமும் முதுகில் தட்டித் தட்டி ஓட்டுவது நம்மூர்ப் பழக்கம்!)

இன்ஜினியரிங் காலேஜ் கதை வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 பாடத்திட்டங்களில் கீபோர்டு கண்ட்ரோலர் உண்டு. அதற்குப் புத்தகங்கள் நீட்டியது இன்டெல் 8279. 1970-களின் சரக்கு. யாரும் தொடாவிட்டாலும் 64 கீகளையும் ஓயாமல் சுற்றிப் பார்க்கும். 120 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். ரிமோட்டில் போட்டால் பேட்டரி ஒரு நாள் தாங்காது.

"அடிப்படை வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான். ஸ்கேனிங், டீபவுன்ஸ் எல்லாம் இரண்டுக்கும் பொது. ஆனால் கையடக்கக் கருவிக்கு உயிரே தூங்குவதிலும், விரல் பட்டதும் விழிப்பதிலும்தான் இருக்கிறது. அதை வைவாவில்கூட யாரும் கேட்பதில்லை. கண்ட்ரோல் வேர்டை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவன், பேட்டரியில் ஓடும் ப்ராஜெக்ட் என்றதும் முழிக்கிறான். பழைய ரிமோட் ஒன்றைக் கழற்றி, பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து அளக்க லேபில் அரை மணி நேரம் போதும். அதற்கு எந்த சிலபஸ் கமிட்டியின் கையெழுத்தும் வேண்டாம்.