தாமதமும் ஒரு பாதுகாப்பே

எம்டிஎம்ஏ, சைலோசைபின் போன்ற உணர்நிலையை மாற்றும் மருந்துகளால் மனநோய் தீருமா என்று நோயாளிகளும் குடும்பத்தினரும் எங்களிடம் கேட்கின்றனர். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்க்கு எம்டிஎம்ஏவோடு உளச்சிகிச்சை அளிக்கும் முறையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 ஆகஸ்டில் ஏற்கவில்லை. மேலும் ஓர் ஆய்வைக் கோரியது. அம்முடிவு சரியானதே என்பது எங்கள் கருத்து.

ஆய்வுகளில் பலன் தென்பட்டது உண்மை. ஆயினும், தமக்குக் கிடைத்தது மருந்தா, வெற்று மாத்திரையா என்பதைப் பங்கேற்றோர் பெரும்பாலும் உணர்ந்துவிடுவர். எனவே, குணமளித்தது மருந்தா, நம்பிக்கையா என்று பிரித்தறிவது கடினம். முந்தைய ஆய்வொன்றில், மருந்தின் பிடியிலிருந்த நோயாளியிடம் சிகிச்சையாளர்கள் எல்லை மீறியதும் வெளிப்பட்டது. ஆகவே, மருந்தைப் போலவே சிகிச்சை அறையையும் கண்காணிக்கும் விதிகள் தேவை. 2023 ஜூலை முதல் இம்மருந்துகளைக் குறிப்பிட்ட நோய்களுக்கு அனுமதித்த ஆஸ்திரேலியாவும், அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்களுக்கே அவ்வுரிமையை வழங்கியுள்ளது.

இந்தியாவில் இவை 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. காத்திருப்பின் வலியை நாங்கள் அறிவோம். எனினும், வெளியில் கிடைப்பதை வாங்கி முயல வேண்டா. லித்தியம் உட்கொள்வோர் சைலோசைபினை எடுத்தபோது வலிப்பு நேர்ந்ததாகப் பதிவுகள் உள்ளன. புதியதை எதிர்பார்த்து, இப்போதைய மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டா. ஐயம் எதுவாயினும் தயங்காமல் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.