கிண்ணத்தில் மடிந்த செல்லும் உடம்பில் வளரும் கட்டியும்

"குளிர் பிளாஸ்மா வந்துவிட்டது, இனி கீமோதெரபி எதற்கு?" என்று கேட்கிறார், அதைப் புற்றுநோய்ச் சிகிச்சையாகப் புகழும் ஒரு கட்டுரையாளர். ஆய்வகக் கிண்ணத்தில் புற்றுச்செல்கள் மடிவதுதான் அவர் காட்டும் ஆதாரம். கிண்ணத்தில் செல்கள் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும். மேலே மெல்லிய திரவம், அவ்வளவே. ஹீலியத்தையோ ஆர்கானையோ மின்புலத்தில் அயனியாக்கி ஊதாச் சுடராகப் பீய்ச்சினால் (இதுவே குளிர் பிளாஸ்மா), அதில் பிறக்கும் வீரியமிக்க ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகள் அத்தனை செல்லையும் தொட்டுவிடும். கல்லீரலுக்குள் புதைந்த கட்டியை எப்படித் தொடும்? திசுவுக்குள் அவை இறங்கும் ஆழம் மில்லிமீட்டர் கணக்குதான்.

அதனால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) அனுமதித்த முதல் மனிதச் சோதனையில், கட்டியை அறுத்தெடுத்த பிறகு வெட்டிய விளிம்பில் பிளாஸ்மாவைச் செலுத்தினார்கள். நோயாளிகள் 20 பேர். பாதுகாப்பானதா என்று பார்க்கும் முதல் கட்டம் அது. ஜெர்மனியில் 2013-ல் அங்கீகாரம் பெற்ற கின்பென் என்ற குளிர் பிளாஸ்மாக் கருவியும் புண் ஆற்றுவதற்கானதே.

இந்த ஆய்வு வளரத்தான் வேண்டும். அறுவையில் தப்பிய செல்களால் நோய் திரும்புவது கொடுமை. அதைத் தடுக்க முடிந்தால் பெரிய வரம். ஆனால் கட்டுரையில் வரும் 'பக்கவிளைவே இல்லாத மாற்று' என்ற வரியை நம்பி ஒருவர் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டால், கட்டி காத்திருக்காது. அந்த வரியைக் கட்டுரையாளர் திரும்பப் பெற வேண்டும்.