குறி இல்லாத பெட்டியின் பொருள்

வித்துராவைச் சுற்றியுள்ள காணிக்காரர் குடியிருப்புகளில் பதிவு செய்த உரையாடல்களை ஒழுங்குபடுத்த, பைத்தானில் சிறிய மேசைக்கணினிச் செயலி ஒன்றை எழுதினேன். பேசியவரின் வயது, ஊர் ஆகியவற்றுக்குக் கீழே ஒரு தேர்வுப்பெட்டி: ‘பதிவைப் பிறர் கேட்க இசைவு உண்டு’. பெரும்பாலோர் இசைவதால், பெட்டி திறக்கும்போதே குறியுடன் இருக்குமாறு அமைத்தேன். முதியவர் ஒருவரிடம் கேட்கவே மறந்திருக்கிறேன். செயலியோ ‘உண்டு’ என்று சேமித்துவிட்டது. குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

இது சிறு பிழையன்று. 1987இல் அகத்தியமலையில் ஆய்வாளருக்கு வழிகாட்டிய காணிக்காரர் ஆரோக்கியப்பச்சையின் கனியை அறிமுகப்படுத்தினர். அச்செடியைக் கொண்டு பாலோட்டுத் தாவரவியல் தோட்டம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. பலனில் பங்கு பெறுவதற்கான காணி அறக்கட்டளை 1997இல்தான் பதிவாயிற்று. வழிகாட்டிய சிலரின் சொல் இனத்தார் அனைவரின் இசைவாகுமா என்ற வினா இன்றும் எழுப்பப்படுகிறது.

முன்கூட்டியே இட்ட குறி இசைவாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019இல் பிளானெட்49 வழக்கில் தீர்ப்பளித்தது. நமது 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவான செயலால் தரப்படும் இசைவையே ஏற்கிறது. ஆகவே குறியை நீக்கினால் போதும் என்பர் நண்பர்கள். நான் உடன்படவில்லை. வெற்றுப் பெட்டி ‘மறுத்தார்’ என்கிறதா, ‘கேட்கவில்லை’ என்கிறதா? உருபு வெளிப்படாத பெயர் எழுவாயாகவும் இருக்கலாம், ‘ஐ’ தொக்க இரண்டாம் வேற்றுமையாகவும் இருக்கலாம், சூழல் தீர்த்துவைக்கும். தரவுத்தளத்திற்கு அந்தச் சூழல் கிடையாது.

டிகேஇன்டரின் டிடிகே தேர்வுப்பெட்டிக்கு மதிப்பே தராமல் விட்டால், அது குறியுமின்றி வெறுமையுமின்றி இடைநிலையில் தோன்றும். புதியவர்கள் இதைப் பிழையென்று கருதிப் ‘பூலியன்வார்’ மாறியை இணைப்பர். உடனே ‘இல்லை’ வந்து அமர்ந்துகொள்ளும். எனக்கு வேண்டியதோ அந்த இடைநிலைதான். ஆனால் அதிலும் ஒரு கோணல்: இடைநிலையில் முதற்சொடுக்கு ‘உண்டு’ என்றே ஆகிறது, மறுப்பைப் பதிய இருமுறை சொடுக்க வேண்டும். ஆகவே பெட்டியையே கைவிட்டு, ‘இசைந்தார்’, ‘மறுத்தார்’ என இரு வட்டப் பொத்தான்கள் வைத்தேன். தொடக்கத்தில் இரண்டிலும் தேர்வு இல்லை. ஒன்றைத் தேராதவரை பதிவு எவருக்கும் பகிரப்படாது. களப்பணிச் செயலி எழுதும் மாணவர் அனைவரும் இவ்வாறே செய்ய வேண்டும் என்பேன்.

அம்முதியவரிடம் மீண்டும் சென்று கேட்டேன். மருந்துச்செடிகளைப் பற்றிய பகுதியை விலக்கிவிட்டு மற்றதைத் தரலாம் என்றார். அதற்கொரு தனிப் புலத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.